முதன்முதலாக யோகாசனம்: எந்த வகுப்பில் சேர்வது? (வாசகர் கேள்வி–பதில்)

ஜனவரி முதல் வாரத்திலும், ஜூன் 21 சர்வதேச யோகா நாளை ஒட்டியும் இந்தப் பகுதிக்கு யோகாசனம் பற்றிய கடிதங்கள் கூடுதலாக வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: இத்தனை பெயர்களில் எது எனக்கு? பொதுவாகப் பயன்படக்கூடிய சில கடிதங்களைச் சுருக்கி வெளியிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வயது 34. கணினி நிறுவனத்தில் வேலை. கழுத்திலும் தோளிலும் பிடிப்பு உண்டு. மற்றபடி நோய் எதுவும் இல்லை. எங்கள் பகுதியில் ஹத யோகா, அஷ்டாங்க வின்யாசா, ஐயங்கார் யோகா, பவர் யோகா, ஹாட் யோகா என்று ஆளுக்கொரு பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். நான் இதுவரை யோகாசனம் செய்ததே இல்லை. எதில் சேர்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் எழுதியிருக்கும் பெயர்களில் சிலவற்றின் பின்னணியைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்று உலகம் முழுவதும் நடக்கும் ஆசன வகுப்புகளில் கணிசமானவற்றின் வேர் ஒரே ஆசிரியரிடம் போய்ச் சேர்கிறது. அவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). 1930களில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் அவர் நடத்திய யோகசாலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் துள்ளித் திரியும் வயதுப் பையன்கள். ஆகவே ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்கு மூச்சோடு சேர்த்துத் தாவிச் செல்லும் வேகமான பயிற்சி அங்கே பொருத்தமாக இருந்தது. அந்தக் காலத்தில் அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் (1915–2009) மைசூரிலேயே தங்கி, அந்த முறையை அஷ்டாங்க வின்யாசா என்ற பெயரில் வாழ்நாள் முழுவதும் கற்பித்தார்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) வேறு மாதிரியான உடம்போடு வந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சிறு வயதில் அடுத்தடுத்து நோயில் கிடந்து நலிந்தவர். புனேயில் குடியேறிக் கற்பிக்கத் தொடங்கிய அவர், உடலின் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை நுணுகிப் பார்த்தார். வளையாத உடம்பும் ஆசனத்துக்குள் வரும்படி மரக்கட்டை, பட்டை, நாற்காலி, கம்பளி, சுவரில் கட்டிய கயிறு ஆகியவற்றைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். கிருஷ்ணமாச்சாரியாரோ 1950களில் சென்னைக்கு வந்துவிட்டார். இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் குடும்பஸ்தர்கள், முதியவர்கள், நோயாளிகள். அவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, மூச்சை முதன்மையாக வைத்து, அவரவர் உடல்நிலைக்கு ஏற்றபடி ஆசனங்களை மாற்றிக் கொடுத்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாசார் (1938–2016) அதே வழியில் சென்று, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

ஆசிரியர் ஒருவர்தான், எதிரே நின்ற உடம்புகள் வேறு, ஆகவே பாடமும் வேறானது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நாம் மருந்துக் கடைக்குப் போவதில்லை அல்லவா? தோழி சேர்ந்தார், நடிகை ஒருவர் செய்கிறார் என்பதற்காக ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பதும் அப்படிப்பட்டதுதான்.

இனி வகுப்புக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போம். அஷ்டாங்க வின்யாசா வகுப்பு சூரிய நமஸ்காரத்தின் இரு வகைகளோடு தொடங்கும். இரண்டும் சேர்ந்து பத்துச் சுற்றுகள் வரை போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கி, உடம்பைத் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்த வேண்டும். பகல் முழுவதும் தட்டச்சுப் பலகையில் இருக்கும் மணிக்கட்டும், முன்னோக்கிக் குவிந்து இறுகிய தோளும் முதல் வாரத்திலேயே இந்த எடையைத் தாங்கத் தயாராக இருப்பதில்லை. தோள் காதை நோக்கி ஏறிவிடும். கழுத்துப் பிடிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடும். பவர் யோகா என்பது 1990களில் அமெரிக்காவில் இதே அஷ்டாங்க முறையிலிருந்து பிரிந்து, உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஏற்றபடி உருமாறியது. அதில் ஆசன வரிசை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். வேகம் மட்டும் மாறாது.

ஐயங்கார் வகுப்பில் காட்சி வேறு. திரிகோணாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்ந்து கையைக் கீழே கொண்டுபோகும் ஆசனம் அது. புதிதாக வருகிறவர் எப்படியாவது விரல் நுனியைத் தரையில் தொட்டுவிட வேண்டும் என்று முயல்வார். உடனே மார்பு தரையைப் பார்த்துக் கவிழும், இடுப்பு பின்னால் தள்ளும், முழங்கால் பின்பக்கமாக இறுகும். தரை எட்டிவிட்டது, ஆனால் ஆசனம் கெட்டுவிட்டது. நல்ல ஆசிரியர் அந்தக் கையின் கீழே செங்கல் அளவிலான ஒரு மரக்கட்டையை நிறுத்தி வைத்து, பின்காலின் குதிகாலைச் சுவரில் பதிக்கச் சொல்வார். அப்போதுதான் விலாப் பகுதி நீளுவதும் மார்பு விரிவதும் உங்களுக்கே தெரியும். இந்த வகுப்பில் ஒரு மணி நேரத்தில் செய்யும் ஆசனங்கள் மிகச் சிலவாக இருக்கலாம். பொறுமை குறைந்தவர்களுக்கு இது அலுப்புத் தட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘ஹத யோகா’ என்று பலகையில் எழுதியிருந்தால் அதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் ஊர்களில் பெரும்பாலும் அது நிதானமாக, ஆசனங்களுக்கு இடையில் ஓய்வு கொடுத்து நடத்தும் வகுப்பாக இருக்கும். அந்த வகையில் ஓர் ஒழுங்கான வடிவம் வேண்டுமென்றால் சிவானந்தர் மரபைச் சொல்லலாம். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராக இருந்து, ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தரின் (1887–1963) சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த முறை அது. மூச்சுப்பயிற்சி, சூரிய நமஸ்காரம், பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள், இடையிடையே அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம், முடிவில் முழுத் தளர்வு என்ற வரிசையில் ஒன்றரை மணி நேரம் நடக்கும். வரிசை அநேகமாக மாறாது என்பதால் இரண்டு மூன்று வாரங்களில் மனத்தில் பதிந்துவிடும். வீட்டிலும் தனியாகச் செய்யலாம்.

ஹாட் யோகா பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அறையை 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, இரண்டு மூச்சுப்பயிற்சிகள் உட்பட 26 பயிற்சிகளை 90 நிமிடம் செய்வது அதன் மூல வடிவம். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அந்தக் கதகதப்பு ஒரு சுகமாக இருக்கலாம். வேலூர்க்காரர்கள் சித்திரை மாதத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டாலே அது கிடைத்துவிடும், கட்டணம் எதற்கு? வெப்பத்தில் தசை உண்மையில் இருப்பதைவிட அதிகமாக நெகிழ்ந்ததுபோல் தோன்றும். தன் எல்லை எது என்று இன்னும் தெரியாத புதியவர், அந்த எல்லையைத் தாண்டிவிடுவதற்கு அதுவே வழிசெய்யும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முதல் மூன்று மாதங்களுக்கு ஐயங்கார் வகுப்பிலோ, நிதானமாக நடக்கும் ஹத யோகா வகுப்பிலோ சேருங்கள். கழுத்துப் பிடிப்பு இருப்பதால், தோளில் நின்று கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம், கால்களைத் தலைக்குப் பின்னால் தரைக்குக் கொண்டுபோகும் ஹலாசனம் ஆகிய இரண்டையும் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டும். பிறகு ஆசிரியர் கற்பிக்கும்போதும், மடித்த கம்பளிகளைத் தோளுக்குக் கீழே அடுக்கி, கழுத்து மட்டும் அந்த அடுக்குக்கு வெளியே தாழ்ந்திருக்கும்படி செய்யக் கேளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு உடம்பு இலகுவாகி, இன்னும் வேகம் வேண்டும் என்று தோன்றினால் அஷ்டாங்க வகுப்புக்குத் தாராளமாக மாறலாம். அந்த வரிசையில் போனவர்கள் அங்கே தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்வது குறைவு என்பது என் அனுபவம்.

நான் 63 வயது ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூட்டுவலியால் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாது. என் மனைவிக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் பூங்காவில் தினமும் காலையில் ஐம்பது பேருக்கு ஒருவர் இலவசமாகச் சொல்லித் தருகிறார். இருவரும் சேரலாமா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பூங்கா வகுப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. காலையில் எழுந்து நாலு பேரோடு சேர்ந்து கை, காலை அசைப்பதே பலருக்குப் பெரிய நன்மை. ஆனால் உங்கள் இருவருக்கும் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அவை ஒருவருக்கொருவர் வேறுபடுகின்றன. ஐம்பது பேருக்கு முன்னால் நின்று கற்பிப்பவரால் இதைக் கவனிக்க இயலாது. அது அவர் குற்றமும் அன்று.

உங்களைப் பொறுத்தவரை, ரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தலைகீழ் ஆசனங்கள், மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம், வேகமாக மூச்சை அடித்து வெளியேற்றும் பஸ்திரிகா, கபாலபதி ஆகியவை வேண்டாம். உள்மூச்சைவிட வெளிமூச்சைச் சற்று நீட்டி, அவசரமில்லாமல் விடும் பயிற்சி உங்களுக்கு நல்லது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிர்ந்தால் தலைசுற்றல் வரலாம் என்பதால், நிமிரும்போது தொடையில் கையூன்றிப் படிப்படியாக எழுங்கள். யோகாசனம் செய்யத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதற்கு எந்த ஆசிரியர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

முழங்காலுக்கு, மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனமும் பத்மாசனமும் வேண்டவே வேண்டாம். தரையில் உட்கார முடியவில்லை என்பது யோகாசனத்துக்குத் தடையும் இல்லை. கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு மர நாற்காலி போதும். மூச்சுப்பயிற்சி, தோள் பயிற்சி, மெதுவான முறுக்கம் எல்லாவற்றையும் அதில் அமர்ந்தபடியே செய்யலாம். கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து மறுகாலை நேராக ஒரு முழம் உயர்த்திச் சில விநாடிகள் நிறுத்தி இறக்குவது தொடையின் முன்தசையை வலுவாக்கும். முழங்காலின் சுமையை வாங்கிக்கொள்வது அந்தத் தசைதான்.

உங்கள் மனைவி விஷயத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிந்தால் முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்கி முறியும் ஆபத்து உண்டு. ஆகவே உட்கார்ந்து காலை நீட்டிக் குனியும் பச்சிமோத்தானாசனம், ஹலாசனம், காலைத் தொடும் பாதஹஸ்தாசனம், ஆழமான முறுக்கங்கள் ஆகியவற்றை அவர் செய்யக்கூடாது. ஆனால் பொது வகுப்புகளில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த முன்வளைவுகளைத்தான். அவருக்கு ஏற்றவை நின்றபடி செய்யும் ஆசனங்கள், குப்புறப் படுத்து மார்பைச் சற்றே உயர்த்தும் தாழ்வான புஜங்காசனம், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் ஆகியவை. எலும்பு பலவீனமானவருக்குக் கீழே விழாமல் இருப்பதே பாதிச் சிகிச்சை என்பதால் சமநிலைப் பயிற்சி மிகவும் அவசியம்.

ஆகவே தொடக்கத்தில் சில வாரங்களாவது தனிப்பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். தேசிகாசார் மரபில் வந்த ஆசிரியர்களிடம் முதல் சந்திப்பிலேயே உடல்நிலையை விசாரித்து, உங்களுக்கென்று ஒரு பயிற்சியை எழுதித் தரும் வழக்கம் உண்டு. ஐயங்கார் மரபில் நாற்காலியை வைத்துக் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். செலவு ஒரு தடையென்றால், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பு முடித்த மருத்துவர்கள். உங்கள் ஊரின் அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். பயிற்சி கைவந்த பிறகு பூங்காவுக்கே போய், ஒவ்வாதவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யலாம்.

வயது 22. இரண்டு ஆண்டுகளாக ஜிம்முக்குப் போகிறேன். சிரசாசனம் செய்ய வேண்டும் என்று ஆசை. வீடியோ பார்த்தே ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? எந்த வகை யோகாவில் இது சீக்கிரம் வரும்?
– வாசகர், மதுரை

உங்கள் வயதுக்கும் உடல் வலுவுக்கும் அஷ்டாங்க வின்யாசா நன்றாகப் பொருந்தும். சிரசாசனம் அதன் முதல் வரிசையில் உண்டு. ஆனால் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். நின்று செய்பவை, உட்கார்ந்து செய்பவை எல்லாம் முடிந்து, கடைசிப் பகுதியில்தான் அது வருகிறது. அதற்குள் முன்னங்கையும் தோளும் முதுகும் வேலை செய்து பழகியிருக்கும். சிரசாசனத்தில் உடம்பின் எடையைப் பெரும்பாலும் முன்னங்கைகளும் தோள்களும் சுமக்க வேண்டும். தோள் இறுகியவர் அந்த எடையைக் கழுத்தெலும்பின் மேல் இறக்கிவிடுவார். ஜிம்மில் மார்புத் தசையை வளர்த்துத் தோளை நீட்டாமல் விட்டவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். கைகளைக் காதோடு ஒட்டித் தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் பாருங்கள். விலா முன்னால் தள்ளாமல் கை நேராகப் போகவில்லையென்றால் ஒரு மாதம் என்ற கெடுவை மறந்துவிடுங்கள்.

மைசூர் முறை என்று சொல்லும் வகுப்பு கிடைத்தால் அதில் சேருங்கள். ஆசிரியர் எண்ணிக்கை சொல்ல எல்லோரும் ஒன்றாகச் செய்வதில்லை. ஒவ்வொருவரும் அவரவர் மூச்சுக் கணக்கில் செய்வார்கள். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வந்து பார்த்து, ஒன்று நிலைபெற்ற பிறகே அடுத்ததைச் சேர்ப்பார். வீடியோவில் இருப்பவர் உங்கள் கழுத்தைப் பார்க்க மாட்டார். இன்னொன்று: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால், சிரசாசனம் பழகுமுன் கண் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு வயது 48. சர்க்கரை நோய் ஆறு வருடமாக உண்டு. பக்கத்துத் தெருவில் மனவளக்கலை மன்றத்தில் வகுப்பு நடக்கிறது. அது யோகாவே இல்லை, வெறும் உடற்பயிற்சி என்கிறார் எதிர்வீட்டு அக்கா. அங்கே போகலாமா? அதைச் செய்தால் நடைப்பயிற்சியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, சேலம்

எதிர்வீட்டு அக்கா சொல்வதில் பாதி சரி. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்து, மனவளக்கலை மன்றங்களில் கற்பிக்கப்படும் எளியமுறை உடற்பயிற்சியில் வழக்கமான ஆசனங்கள் குறைவு. கைப் பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று தலை முதல் கால் வரை ஒவ்வொரு பகுதியாகப் போகும். இதற்குப் பின் தியானமும், தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் அகத்தாய்வும் வரும். ஆசனம் மட்டுமே யோகம் என்று நினைத்தால்தான் இது யோகம் ஆகாது. மூட்டுகளை மெதுவாக அசைத்துப் பழக்கும் இந்த முறை, வெகுநாளாக உடற்பயிற்சியே செய்யாத நடுவயதுப் பெண்களுக்கு நல்ல தொடக்கம். தெருவுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது என்பதும் சிறிய விஷயம் அன்று. எத்தனை சிறந்த வகுப்பாக இருந்தாலும் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தால், பள்ளித் தேர்வு நேரத்திலோ விருந்தாளி வரும் நேரத்திலோ அது நின்றுவிடும்.

நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படியான உழைப்பு தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. மென்மையான யோகப் பயிற்சி அந்தக் கணக்கில் முழுமையாகச் சேராது. வகுப்புக்குப் போகுமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். விழித்திரையைப் பரிசோதித்து, பாதிப்பு இருந்தால் கபாலபதியையும் தலையைத் தாழ்த்தும் பயிற்சிகளையும் விட்டுவிடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்ற பொது விதி உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எதுவாயினும் கைப்பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். வெறுங்காலோடு பயிற்சி செய்வதால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நாங்கள் வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள். மந்திரம் சொல்லாமல் யோகா கற்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியும். ஆனால் முறைக்கு முறை வேறுபாடு உண்டு என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. சிவானந்தர் மரபில் தியான சுலோகங்களோடும், ஐயங்கார் மரபில் பதஞ்சலி வணக்கத்தோடும், அஷ்டாங்கத்தில் குரு வணக்கத்தோடும் வகுப்பு தொடங்குவது வழக்கம். அந்த நேரத்தில் அமைதியாக நின்றிருப்பதை ஆசிரியர்கள் பெரும்பாலும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவமனைப் பிரிவுகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பெரும்பாலும் மந்திரமே இருக்காது.

யோகா ஆசிரியர் தகுதியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

சான்றிதழ்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பரவலாகக் காணப்படும் ‘200 மணி நேரம்’ என்ற சான்றிதழை ஒரே மாதத்தில் முடித்துவிட முடியும். அதை முடித்த நல்லவர்களும் இருக்கிறார்கள், அதற்கு மேல் எதுவும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தைச் சார்ந்த யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துப் படிநிலைகளாகச் சான்றளிக்கிறது. ஐயங்கார் மரபில் பல ஆண்டுகள் மாணவராக இருந்து, மதிப்பீட்டில் தேறிய பிறகுதான் அந்தப் பெயரில் கற்பிக்க முடியும். ஒரு மரபின் பெயரைச் சொல்கிறவரிடம் “யாரிடம் கற்றீர்கள், எத்தனை ஆண்டுகள்?” என்று கேட்பதில் தவறில்லை. நல்ல ஆசிரியர் அதை மகிழ்ச்சியோடு சொல்வார்.

அதைவிடப் பயனுள்ளது ஒரு வகுப்பைக் கண்ணால் பார்ப்பது. சேருமுன் உங்கள் உடல்நிலை, அறுவை சிகிச்சை, மாத்திரை ஆகியவற்றைக் கேட்டாரா? முன்னால் நின்று தானே செய்து காட்டிக்கொண்டிருக்கிறாரா, அல்லது மாணவர்களிடையே நடந்து பார்க்கிறாரா? முடியாதவருக்கு மாற்று வழி சொல்கிறாரா, “முயன்றால் வரும்” என்று அழுத்துகிறாரா? கடைசியில் சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குகிறாரா, நேரமாகிவிட்டது என்று கலைத்துவிடுகிறாரா? ஒரு வகுப்பைப் பார்த்தாலே இவை தெரிந்துவிடும். ஆசனத்தைத் திருத்துவதற்காகத் தொடுவதை விரும்பாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், முதல் நாளே “வாயால் சொல்லித் திருத்துங்கள்” என்று சொல்லிவிடலாம். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் படிக்க வேண்டாம். புற்றுநோயை, சர்க்கரை நோயை அடியோடு போக்குவேன் என்பவரிடமும் அப்படியே. இணையவழி வகுப்பென்றால், ஆசிரியர் உங்களைப் பார்க்கும்படி கேமராவைத் திறந்து வைத்து, பத்துப் பேருக்கு மேற்படாத குழுவில் சேருங்கள்.

எந்த விரிப்பு வாங்கலாம்? காலையா, மாலையா? மாதவிடாய் நாட்களில் செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

வழுக்காத விரிப்பு, 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். மெத்தைபோல் தடித்ததை வாங்கினால் நின்று செய்யும் ஆசனங்களில் கால் ஆடும். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பவானி ஜமக்காளத்தை மடித்து உட்காரவும் படுக்கவும் பயன்படுத்தலாம். கோரைப் பாயில் நின்று செய்யாதீர்கள். பத்தமடைப் பாயின் வழவழப்பு தூங்குவதற்குத்தான் சுகம். கால்களை அகட்டி நின்றால் வழுக்கிவிடும்.

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம் கழிந்திருந்தால் காலையோ மாலையோ இரண்டும் சரிதான். காலையில் உடம்பு இறுக்கமாக இருக்கும். மாலையில் எளிதாக வளையும். மாதவிடாய் நாட்களில் தலைகீழ் ஆசனங்களையும் வயிற்றை அழுத்தும் பயிற்சிகளையும் விடுவது மரபு. மற்றவற்றை அன்றைய உடம்பின் நிலை பார்த்துச் செய்யலாம், ஓய்வும் எடுக்கலாம்.

வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. உடம்பெல்லாம் வலிக்கிறது. இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை என்று வேறு வகைக்கு மாறிவிடலாமா?
– வாசகர், சென்னை

எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. தொடையின் பின்பக்கம், விலா, தோள்பட்டைச் சதை என்று பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்துவிட்டால் அது இதுவரை பயன்படாத தசையின் வலி. வகுப்பை மாற்ற வேண்டியதில்லை, அடுத்த நாள் கொஞ்சம் குறைத்துச் செய்தால் போதும். மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல் ஒரே இடத்தில் வலித்தால், அல்லது உட்காரும் எலும்புக்கு அருகில் தொடர்ந்து வலித்தால், அந்த வலியைத் தரும் ஆசனம் எது என்று கண்டுபிடித்து ஆசிரியரிடம் காட்டி மாற்று வழி கேளுங்கள். இரண்டு முறை சொல்லியும் அவர் பொருட்படுத்தாவிட்டால் அப்போது இடத்தை மாற்றுங்கள். அதே யோகா முறையைக் கற்பிக்கும் வேறு ஆசிரியராகவும் அது இருக்கலாம். இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்கினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, முன்னால் குனியும் ஆசனங்கள் அனைத்தையும் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் அனுமதித்த பிறகு, என்னென்ன தவிர்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுக்கும் குறிப்போடு வகுப்புக்குத் திரும்பலாம்.